கணினிகளுக்கிடையே இணைப்பு அறுந்தால்

மாதத்தின் 20ஆம் தேதி. மாதந்தோறும் சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் வணிகர்களுக்கு அதுவே இறுதி நாள். கடையின் முன்புறம் பில் போடும் கணினியும், உள்ளறையில் கணக்கு எழுதும் கணினியும் நேற்றுவரை ஒரே கோப்பைப் பகிர்ந்து இயங்கின. இன்று உள்ளறைக் கணினியில் அக்கோப்பு திறக்க மறுக்கிறது. சிறு தொழில் நடத்தும் வாடிக்கையாளர்கள் பலருக்கும் இந்நிலை புதிதன்று.

இத்தகைய வேளையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்ப்பது பழுதைப் பெருக்கும். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு படியாகச் சோதித்தால் பெரும்பாலான சிக்கல்களை நீங்களே கண்டறியலாம்.

கேபிளில் தொடங்குங்கள்

முதலில் இரு கணினிகளிலும் ஏதேனும் ஓர் இணையதளம் திறக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் திறந்தால் கேபிளும் ரவுட்டரும் பெரும்பாலும் நலமே. பழுது வேறிடத்தில் உள்ளது. ஒன்றில் மட்டும் திறக்கவில்லை எனில் அக்கணினியின் கேபிளைக் கவனியுங்கள். கேபிள் செருகப்பட்ட துளையின் அருகே சிறு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் கேபிளைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். பிறகு வேறு கேபிளையும், ரவுட்டரில் வேறு துளையையும் முயலுங்கள். மேசைக்கால் நசுக்கிய கேபிளும், எலி கடித்த கேபிளும் நம் கடைகளில் அரிதல்ல.

முகவரியைப் படியுங்கள்

வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. விண்டோஸ் கணினியின் கட்டளைச் சாளரத்தில் 'ஐபிகான்ஃபிக்' என்னும் கட்டளையை ஆங்கில எழுத்துகளில் இட்டால் அது தெரியும். சிறு அலுவலகங்களில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். முதல் மூன்று பகுதிகள் எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவும், கடைசி எண் மட்டும் வேறாகவும் இருப்பதே வழக்கம்.

முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து எண் கிடைக்காமல் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். ரவுட்டரை அணைத்து இயக்கி, பின்னர் கணினியையும் மறுபடி தொடங்குங்கள். முதல் மூன்று பகுதிகளே மாறுபட்டிருந்தால், ஒரு கணினி கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டிலோ விருந்தினருக்கான வைஃபையிலோ இணைந்திருக்கக்கூடும். இரண்டையும் ஒரே வலையமைப்புக்குக் கொண்டுவாருங்கள்.

மின்தடைக்குப் பின் வரும் சிக்கல் ஒன்றும் உண்டு. ரவுட்டர் மீண்டும் இயங்கும்போது பில் கணினிக்குப் புதிய எண்ணை வழங்கிவிடலாம். கணக்கு மென்பொருளோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். கோப்பு இருக்கும் கணினிக்கு எப்போதும் ஒரே எண் கிடைக்குமாறு ரவுட்டரில் ஒதுக்கிவைப்பதே இதற்கு நிலையான தீர்வு.

அழைத்துப் பாருங்கள்

அதே சாளரத்தில் 'பிங்' என்னும் கட்டளையுடன் ரவுட்டரின் எண்ணை இடுங்கள். விடை வந்தால் உங்கள் பக்கத்து வழி சீராக உள்ளது. அடுத்து மற்றக் கணினியின் எண்ணை இடுங்கள். விடை வராவிட்டால் உடனே கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். பாதுகாப்பு அரணாகிய ஃபயர்வால் அவ்விடையைத் தடுத்திருக்கலாம். விண்டோஸ் அமைப்புகளில் அந்த வலையமைப்பு 'பொது' என்று குறிக்கப்பட்டிருந்தால் பகிர்வு தடைபடும். உங்கள் கடையின் சொந்த இணைப்பை மட்டும் 'தனியார்' என மாற்றி, கோப்புப் பகிர்வை அனுமதியுங்கள்.

வழி திறந்திருந்தும் கோப்புறை திறக்கவில்லையா? பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபாருங்கள். கடவுச்சொல் இல்லாத கணக்கின் வழியே பிற கணினியிலிருந்து நுழைவதை விண்டோஸ் இயல்பாகவே மறுத்துவிடும். கடவுச்சொல் வைப்பதே முறை.

குறுக்குவழிகள் தரும் இழப்பு

அவசரத்தில் சிலர் ஃபயர்வாலை முற்றிலும் அணைத்துவிடுகின்றனர். சிலர் வன்தட்டு முழுவதையும் எல்லோருக்கும் திறந்துவிடுகின்றனர். வேறு சிலர் பழைய கணினிக்காக 'எஸ்எம்பி 1' என்னும் காலாவதியான பகிர்வு முறையை மீண்டும் இயக்குகின்றனர். இணைப்பு கிடைத்துவிடும், ஆனால் கதவு திறந்தே கிடக்கும். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிப் பணயத்தொகை கேட்ட 'வான்னாக்ரை' அந்தப் பழைய முறையில் இருந்த பிழையின் வழியேதான் பரவியது. ஒரு கணினியில் நுழைந்தால், அதே வலையமைப்பிலுள்ள மற்றவற்றுக்கும் அது தானே தாவியது. பிழையைத் திருத்தும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரு மாதங்கள் முன்பே வெளியிட்டிருந்தது.

இதனினும் பெரிய ஆபத்து, இணையத் தேடலில் கிடைத்த உதவி எண்ணை நம்புவது. மறுமுனையில் பேசுபவர் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார். நிறுவியதும் உங்கள் திரை அவர் கைக்குச் செல்கிறது. வங்கிக் கணக்கை இயக்கும் அதே கணினி அது என்பதை மறவாதீர்கள். பகிர்வுச் சிக்கலைத் தீர்க்க எவருக்கும் உங்கள் ஓ.டி.பி.யோ, ரகசிய எண்ணோ, இணைய வங்கிக் கடவுச்சொல்லோ தேவைப்படாது. கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகார் செய்யுங்கள்.

ஒரு தாளில் குறித்துவையுங்கள்

எல்லாம் சீராக இயங்கும் ஒரு நாளில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கணினியின் பெயர், எண் முகவரி, ரவுட்டரின் எண், எந்தக் கேபிள் எங்கே செல்கிறது, நேரில் அறிந்த பழுதுநீக்குநரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ரவுட்டரின் அருகே ஒட்டிவையுங்கள். கடவுச்சொற்களை மட்டும் அதில் எழுத வேண்டாம். கணக்குக் கோப்பின் நகலை வாரந்தோறும் தனி வட்டில் எடுத்து, அவ்வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். அடுத்த 20ஆம் தேதி இணைப்பு அறுந்தாலும், அந்த நகலைக் கொண்டு கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு, பழுதை நிதானமாகத் தேடலாம்.