பிரேக் மிதி தளர்வும் காற்று எடுத்தலும்

பிரேக்கில் காற்று எடுத்தல் என்பது, காரின் பிரேக் குழாய்களுக்குள் புகுந்த காற்றையும் பழைய பிரேக் ஆயிலையும் வெளியேற்றிப் புதிய ஆயிலை நிரப்பும் பராமரிப்பு வேலையாகும். பட்டறைகளில் இதனை ‘ஏர் எடுத்தல்’ அல்லது ‘பிளீடிங்’ என்பர். மிதியை அழுத்தும்போது அது உறுதியாக நிற்காமல் பஞ்சு போல அமுங்கினால் பெரும்பாலும் இவ்வேலை தேவைப்படுகிறது. ஆனால் மிதி இறங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. காரணத்தை அறியாமல் காற்றை மட்டும் எடுத்துவிட்டு வண்டியை ஓட்டுவது ஆபத்தானது.

இயங்கும் விதம்

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் கூறிய இவ்விதியே திரவ பிரேக்கின் அடிப்படை. 1921இல் அமெரிக்காவின் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்குடன் வெளிவந்தது. தமிழ்நாட்டில் 1962இல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா நிறுவனம், சென்னை பாடியில் பிரேக் உறுப்புகளைத் தயாரித்து வருகிறது.

மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய்கள் வழியே சென்று, டிஸ்க் பிரேக்கில் பேடுகளையும் டிரம் பிரேக்கில் ஷூக்களையும் அழுத்துகிறது. மாஸ்டர் பிஸ்டனின் பரப்பு 3 சதுர செ.மீ., சக்கரத்திலுள்ள பிஸ்டனின் பரப்பு 15 சதுர செ.மீ. எனக் கொண்டால், விசை 5 மடங்காகும். ஆனால் நகரும் தொலைவு ஐந்தில் ஒன்றாகிவிடும். மிதி பல சென்டிமீட்டர் இறங்கும்போது பேட் மிகச் சிறிதளவே நகர்வது இதனால்தான். ஆகவே குழாயில் சிறு காற்றுக்குமிழ் இருந்தாலும் மிதியின் பயணத்தில் பெரும்பகுதி வீணாகும்.

இதனைப் பள்ளியிலேயே செய்து பார்க்கலாம். ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சுகளைச் சிறு குழாயால் இணைத்து நீர் நிரப்பினால், ஒன்றை அழுத்தியதும் மற்றது உடனே நகரும். நடுவில் காற்று இருந்தால், முதலில் காற்று சுருங்கும்; மற்றது தாமதமாகவே நகரும். தளர்ந்த மிதியில் நடப்பதும் இதுவே.

பிரேக் ஆயிலின் இயல்பு

பெரும்பாலான கார்களில் டாட் 3 அல்லது டாட் 4 வகை ஆயில் பயன்படுகிறது. இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் அதற்கான வரம்பு 140 பாகைதான். டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155 பாகைகள். பழைய ஆயில் சூட்டில் கொதித்தால் ஆவிக்குமிழ்கள் உண்டாகி, மிதி திடீரெனக் கீழே போய்விடும்.

மல்லாங்கிணறு, விருதுநகர், சிவகாசி வட்டாரச் சாலைகள் பெரும்பாலும் சமதளமானவை. இங்கு ஓடும் காரில் பிரேக் அதிகம் சூடாவதில்லை; அதனால் ஆயில் கெட்டிருந்தாலும் குறை வெளியே தெரியாது. அதே கார் விடுமுறையில் ஆட்களை நிறைய ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும்போதோ, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் இறங்கும்போதோ அந்தக் குறை வெளிப்படும். மலைப் பயணத்துக்கு முன் ஆயிலைச் சோதிப்பதும், இறங்கும்போது 2ஆம் கியர் போன்ற தாழ்ந்த கியரில் வருவதும் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றன.

குறையைக் கண்டறிதல்

மிதியின் நடத்தையைக் கொண்டே காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

• பஞ்சு போல அமுங்கி, பலமுறை மிதித்தால் கெட்டிப்பட்டால்: குழாயில் காற்று இருக்கலாம்.

• மிதி தாழ்வாக இறங்கி, ஆனால் முடிவில் கெட்டியாக நின்று, இரண்டாம் மிதியில் உயர்ந்தால்: பின் டிரம் பிரேக்கின் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். அதனைச் சரிசெய்தால் போதும்.

• தொடர்ந்து அழுத்திப் பிடிக்கும்போது மிதி மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால்: எங்கோ கசிவு உள்ளது, வெளியே ஈரம் தெரியவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர்கள் தேய்ந்திருக்கலாம். காற்று எடுப்பதால் இது சரியாகாது.

• மலை இறக்கத்தில் மட்டும் தளர்ந்து, ஆறியபின் சரியானால்: ஆயில் கொதித்திருக்கிறது. முழுவதும் மாற்ற வேண்டும்.

• மிதி கல் போல இறுகினால்: இது தளர்வுக் குறை அன்று, வெற்றிட பூஸ்டரைச் சோதிக்க வேண்டும்.

என்ஜினை அணைத்து மிதியைப் பலமுறை அழுத்தி, பின் அழுத்தியபடியே என்ஜினை இயக்கினால் மிதி சிறிது இறங்கும். இது பூஸ்டர் சரியாக இயங்குவதன் அடையாளம். குறை என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஆயில் தொட்டியில் அளவு குறைந்திருந்தால் பேடுகள் தேய்ந்திருக்கலாம் அல்லது கசிவு இருக்கலாம். சக்கரங்களின் உட்புறம், டிரம்மின் பின்தகடு, ரப்பர் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டருடன் சேருமிடம் ஆகியவற்றில் ஈரம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். கசிவு இருந்தால் அதைச் சரிசெய்யும் வரை வண்டியை ஓட்டக்கூடாது.

காற்று எடுக்கும் முறை

இதற்கு இருவர் தேவை. மூடி திறக்காத புதிய ஆயில், நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், ஒளி ஊடுருவும் சிறு குழாய், கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குடுவை, ஜாக்கி ஸ்டாண்டுகள், கையுறை, கண்ணாடி ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். ஆயில் வகை தொட்டி மூடியிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

1. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லக்கூடாது.

2. தொட்டியைத் துடைத்து மூடியைத் திறந்து, மேல் குறி வரை ஆயில் ஊற்ற வேண்டும்.

3. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்குவது பழைய வழக்கம். இந்தியக் கார்களில் அது பொதுவாக வலப்புறம் இருப்பதால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என வரிசை அமையும். கையேட்டில் வேறு வரிசை கூறப்பட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

4. நிப்பிளில் குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிதளவு ஆயில் உள்ள குடுவைக்குள் மூழ்குமாறு வைக்க வேண்டும்.

5. உள்ளே இருப்பவர் மிதியை மெதுவாக மூன்று நான்கு முறை அழுத்தி, பின் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே இருப்பவர் நிப்பிளைச் சிறிது தளர்த்தினால் ஆயிலும் காற்றும் வெளிவரும், மிதி இறங்கும்.

6. நிப்பிளை மூடிய பிறகே மிதியை விட வேண்டும். முன்னதாக விட்டால் காற்று மீண்டும் உள்ளே இழுக்கப்படும். ‘அழுத்து’, ‘மூடியாச்சு, விடு’ என இருவரும் உரக்கச் சொல்லிக்கொள்வது நல்லது.

7. குமிழ்கள் நின்று தெளிந்த ஆயில் வரும் வரை தொடர வேண்டும். இடையிடையே தொட்டியைப் பார்த்து நிரப்ப வேண்டும். அது காலியானால் முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

பழைய காரில் மிதியை முழுவதுமாகத் தரைவரை அழுத்தாமல், அடியில் சிறு மரத்துண்டு வைப்பது பாதுகாப்பானது. வழக்கமாகப் பயன்படாத பகுதியில் படிந்த துரு, மாஸ்டர் சிலிண்டரின் ரப்பரைக் கிழிக்கக்கூடும். ஏபிஎஸ் உள்ள கார்களில் அதன் அமைப்புக்குள் காற்று புகுந்திருந்தால், மின்னணுக் கருவி உள்ள பட்டறையில்தான் முழுமையாக எடுக்க முடியும்.

முடிந்த பின்

என்ஜினை இயக்கி ஒரு நிமிடம் மிதியை அழுத்திப் பிடிக்க வேண்டும். அது இறங்காமல் உயரமாகவும் கெட்டியாகவும் நின்றால், நிப்பிள்களில் கசிவு இல்லையென உறுதிசெய்து, ஆளில்லாத இடத்தில் மெல்ல ஓட்டிச் சோதிக்க வேண்டும். மிதி இன்னும் தளர்ந்திருந்தால் வண்டியைச் சாலைக்கு எடுத்துச் செல்லாமல் மெக்கானிக்கை வீட்டிற்கு அழைப்பதே முறை.

ஓடும்போது மிதி திடீரென இறங்கினால், விரைந்து பலமுறை மிதித்துப் பார்க்க வேண்டும். தாழ்ந்த கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். என்ஜினை அணைக்கக்கூடாது.

பிரேக் ஆயில் நச்சுத்தன்மை உடையது. வண்டியின் பெயிண்ட்டையும் அரிக்கும். சிந்தினால் உடனே நீரால் கழுவ வேண்டும். பழைய ஆயிலைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பதும், சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ கொட்டுவதும் கூடாது. பட்டறையின் கழிவு ஆயில் சேகரிப்பில் ஒப்படைக்கலாம். பிரேக் தொட்டியில் என்ஜின் ஆயிலை ஒருபோதும் ஊற்றக்கூடாது. அது ரப்பர் உறுப்புகளை ஊதச்செய்து முழு அமைப்பையும் கெடுத்துவிடும். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அல்லது கையேட்டில் கூறியபடி, பிரேக் ஆயிலை மாற்றுவது நல்லது.