மறதியைவிடக் கனமான சுமை

மூளை நரம்பணுக்கள் மெல்ல அழியும் முதுமைக்கால நோய்களில் மறதியும் நடுக்கமும்தான் வெளியே பேசப்படுகின்றன. வீட்டை ஆட்டம் காணச் செய்வது பெரும்பாலும் சந்தேகம், பிரமை, ஆத்திரம், தூக்கமின்மை ஆகிய மனநல அறிகுறிகள். இது பழைய செய்திதான். 1901-ல் ஃபிராங்ஃபர்ட்டில் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் பரிசோதித்த அகுஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணிடம் முதலில் தென்பட்டதே கணவர் மீதான சந்தேகம். மறதி பிறகுதான் கண்ணில் பட்டது.

அல்சைமர் நோயில் அடிக்கடி எழும் புகார் திருட்டு. வளையலைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தது பாட்டிக்கு நினைவில்லை. அந்த இடைவெளியை 'மருமகள் எடுத்துட்டா' என்று மனம் நிரப்பிக்கொள்கிறது. நாள் முழுதும் கூடவே இருந்து குளிப்பாட்டிச் சோறூட்டுபவர் மேல்தான் பழி விழும். நான் எடுக்கவில்லை என்று வாதாடினால் சந்தேகம் இன்னும் இறுகும். சேர்ந்து தேடினால் தணியும். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே 'என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ' என்பதும், பொழுது சாயும்போது பரபரப்பு கூடுவதும் இந்நோயில் சகஜம்.

லூயி உடல் டிமென்ஷியா என்ற இன்னொரு மறதி நோயில், இல்லாத குழந்தைகளும் விலங்குகளும் பட்டப்பகலில் தெளிவாகத் தெரியும். அதை அடக்க ஹாலோபெரிடால் போன்ற மனச்சிதைவு மருந்து கொடுத்தால் உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். பார்க்கின்சன் நோயிலோ, நடுக்கத்துக்குத் தரும் மருந்தே பிரமையைத் தூண்டுவதுண்டு. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மனச்சிதைவு மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்துவிட்டது. எனவே மாத்திரைக்கு முன் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, காது மந்தம், புதிதாகச் சேர்ந்த மருந்து ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டே நாளில் குழப்பம் திடீரெனக் கூடினால், நோய் முற்றிவிட்டது என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

எதிலும் நாட்டமில்லாமல் சுவரைப் பார்த்தபடி கிடப்பதும் நோயின் வேலையே. சத்தம் போடாததால் இதை யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை. சோம்பல், பிடிவாதம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

பராமரிப்பவரின் சுமையை அளக்க ஆய்வாளர் ஸ்டீவன் ஜாரிட் 1980-ல் ஒரு வினாப்பட்டியல் தந்தார். நோயாளியால் கோபம் வருகிறதா, வெட்கப்பட நேர்கிறதா, தமக்கென்று நேரம் இருக்கிறதா என்று அது கேட்கிறது. இந்தக் கேள்விகளை நம் வீட்டு மனைவியிடமோ மகளிடமோ மருமகளிடமோ யாரும் கேட்பதில்லை. இரவுத் தூக்கம் தொடர்ந்து கெடும்போது அவர்களுக்கும் மனச்சோர்வு வருகிறது. எரிந்து விழுந்துவிட்டு, அப்புறம் குற்ற உணர்வில் அழுகிறார்கள். வெளியூரிலிருந்து போனில் யோசனை சொல்லும் பிள்ளைகள் மாதம் நான்கு இரவாவது வந்து பக்கத்தில் விழித்திருக்கட்டும்.