காணாமல் போகும் மண்ணீரல்

'அரிவாள் செல் ரத்தசோகை' என்றதும் நம் கண்முன் வீச்சரிவாள் வந்து நிற்கும். உண்மையில் அது கதிர் அறுக்கிற கருக்கரிவாள். மெல்லியது, பிறைபோல வளைந்தது. 1910-இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடா தீவிலிருந்து படிக்க வந்த பல் மருத்துவ மாணவர் ஒருவரின் ரத்தத்தில் அப்படி வளைந்த சிவப்பணுக்களைப் பார்த்து எழுதினார்.

இதற்குக் காரணமான மரபணுப் பிழை மிகச் சிறியது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவதாக குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆக்சிஜனைச் சுமக்கிறவரை இந்த ஹீமோகுளோபின் பரம சாது. சுமையை இறக்கியதும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட கழிகளாகி, சிவப்பணுவை உள்ளிருந்தே முட்டி வளைக்கும். ஆகவே ரத்தம் எங்கே மெதுவாக ஊர்கிறதோ, ஆக்சிஜன் எங்கே குறைவோ, அங்கேதான் அடி விழும்.

மண்ணீரல் அப்படிப்பட்ட இடம். ஏழெட்டு மைக்ரான் அகலச் சிவப்பணு, அங்கே ஒன்றிரண்டு மைக்ரான் இடுக்கில் நுழைந்து வெளியேற வேண்டும். நல்ல அணு நெளிந்து போய்விடும். விறைத்தது மாட்டிக்கொள்ளும். விறைத்தவை கூட்டமாக வந்தால் சல்லடையே அடைத்துக்கொள்கிறது. சில குழந்தைகளுக்கு ரத்தமெல்லாம் உள்ளே தேங்கி, சில மணி நேரத்தில் மண்ணீரல் வீங்கி, உயிரே போகலாம். ஜமைக்காவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: பிள்ளையின் இடது விலாவுக்குக் கீழே தடவிப் பார்க்கத் தாய்மார்களுக்குக் கற்றுத்தந்தார்கள். வீக்கம் முன்கூட்டியே பிடிபட்டது. சாவுகள் பெருமளவு குறைந்தன. கருவி என்று எதுவும் இல்லை, விரல்கள்தான்.

அடைப்பு திரும்பத் திரும்ப வர, மண்ணீரல் தழும்பேறிச் சுருங்குகிறது. பலருக்கு ஐந்து வயதுக்குள் அது இருந்த இடமே தெரியாது. பிறகு நிமோகாக்கஸ் கிருமியை ரத்தத்திலிருந்து வடிகட்ட ஆளில்லை. தினம் இருவேளை பென்சிலின் கொடுத்தால் இந்தத் தொற்று 84 சதவீதம் குறையும் என்று 1986-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அத்தனை மலிவான மருந்து!

மற்ற உறுப்புகளிலும் இதே கதைதான். தொடை எலும்பின் தலை ரத்தமின்றி மடியும். மூளை நாளம் அடைபட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பக்கவாதம் வரும். சிறுநீரகத்தின் உட்பகுதி கெட்டுச் சிறுநீரைச் செறிவாக்க முடியாமல் போகும்; பாயை நனைக்கிறான் என்று திட்டு வாங்குகிற பையனிடம் குற்றம் எதுவும் இல்லை.

நம் மலைகளுக்கும் இதில் பங்குண்டு. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபணுவைக் கண்டறிந்தார்கள். இந்தியாவில் பரவலாக உள்ள வகையில், கருவிலிருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபின் வளர்ந்த பிறகும் கணிசமாகத் தங்கி, வளைவதைத் தடுக்கிறது. அதனால் இங்கே பலருக்கு மண்ணீரல் சீக்கிரம் சுருங்குவதில்லை, பெருத்தே நிற்கிறது. வயிற்றில் கட்டி தட்டுப்படுகிறதே, மண்ணீரல் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதி அடையவும் முடியாது. பெருத்திருந்தாலும் அது வேலை செய்யாமல் இருக்கலாம்.

வீட்டில் இந்த நோயுள்ள பிள்ளை இருந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 101 டிகிரி காய்ச்சல் அடித்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.