கச்சேரி நிரலும் அவையோர் சுவைப்பும்

இசையரங்கில் அவையோர் கொள்ளும் சுவை, பாடுவோரின் குரல்வளத்தாலும் கற்பனைத் திறத்தாலும் மட்டும் அமைவதன்று. எந்த உருப்படி எவ்விடத்தில் வைக்கப்படுகிறது என்பதும் அதனை உருவாக்குகிறது. இதற்குக் கருநாடக இசைக் கச்சேரி தக்க சான்றாகும்.

இன்று வழங்கும் கச்சேரி முறைக்கு வடிவம் தந்தவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890-1967) என்பர். முன்னர் இராகம், தானம், பல்லவி நெடுநேரம் விரித்துப் பாடப்பெற்றன. கீர்த்தனைகள் சிலவே இடம்பெற்றன. சபாக்கள் பெருகியபொழுது, இசைப் பயிற்சி இல்லாதோரும் அவையில் கூடினர். அரியக்குடியார் வர்ணத்தில் தொடங்கி, மத்திமகாலக் கீர்த்தனைகளால் அவையை விறுவிறுப்பாக்கி, நடுவே விரிவான உருப்படியையும் தனியாவர்த்தனத்தையும் வைத்து, இறுதியில் பதம், சாவளி, திருப்புகழ், தில்லானா முதலிய சிற்றுருப்படிகளை அமைத்தார். இராகமும் காலப்பிரமாணமும் மாறி மாறி வந்தமையால் கேட்போர் சலிப்புறவில்லை.

இம்முறைக்கு மற்றொரு விளைவும் உண்டு. ஆலாபனை, நிரவல், கற்பனைச்சுரம் ஆகிய விரிவுகள் நடுப்பகுதிக்கே உரியவையாயின. அவ்விடத்தைப் பெரிதும் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகள் பெற்றன. தமிழ்ப் பாடல்கள் 'துக்கடா'ப் பகுதியில் ஒதுங்கின. விரிவின்றிப் பாடப்படுவதை எளியது எனக் கருதுவது அவையின் இயல்பு. ஆகவே, தமிழ்ப்பாடல் கனமான இசைக்கு ஏலாது என்னும் எண்ணம் வேரூன்றியது. காரணம் பாடலில் இல்லை. அதற்கு அளிக்கப்பட்ட இடத்தில் இருந்தது.

1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற தமிழிசை மாநாடும், 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் இந்நிலையை மாற்ற முயன்றன. அம்முயற்சி மொழிப்பற்றின் வெளிப்பாடாக மட்டுமன்றி, நிரலில் இடம் கோரிய முயற்சியாகவும் கொள்ளத்தக்கது. திருப்பாவைக்கு அரியக்குடியாரே இசையமைத்துப் பரப்பினார் என்பதும் ஈண்டு நினையத்தக்கது. முறையை வகுத்தவர் தமிழை விலக்கினார் எனல் பொருந்தாது.

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டை போன்று, தமிழகத்திற்கு வெளியே தமிழர் மிகுதியாக வாழும் ஊர்களில் இவ்வினா கூர்மை பெறுகிறது. சுரங்கத் தொழிலுக்காகக் குடிபெயர்ந்தோரின் வழிவந்தவர்க்குப் பாடலின் பொருள் உடனே விளங்குவது தாய்மொழியில்தான். அப்பாடல் இறுதியில் சில நிமிடங்களே ஒலிக்குமாயின், பொருளுணர்ச்சியும் இராக விரிவும் ஒருங்கே கூடும் வாய்ப்பு அவர்க்கு இல்லையாகும்.

எனவே, அவையின் கைத்தட்டலை மட்டும் கொண்டு ஒரு பாடலின் தகுதியை அளத்தல் முறையன்று. அப்பாடல் நிரலில் பெற்ற இடத்தையும் உடன் நோக்குதல் வேண்டும்.