காடும் வேலைக்காடும்: சிலாங்கூர் ஆற்றின் நீர்

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் பால்மரம் வெட்டச் சென்ற இடத்தை ‘வேலைக்காடு’ என்றனர். பால்மரக்காடு பின்னர் செம்பனைக்காடு ஆயிற்று. தமிழில் ‘காடு’ என்பது புன்செய் நிலத்தையும் குறிக்குமாதலின் இவ்வழக்கு பிழையன்று. ஆயினும் நீரைப் பொறுத்தவரை இக்காடுகள் ஒன்றல்ல.

சிலாங்கூர் ஆறு தித்திவங்சா மலைச்சரிவுகளில் தோன்றிக் கோல குபு பாரு, பெஸ்தாரி ஜெயா வழியாகக் கோல சிலாங்கூரில் கடலை அடைகிறது. சிலாங்கூர், கோலாலம்பூர் மக்களின் குடிநீரில் பெரும்பகுதி இவ்வாற்றினின்றே பெறப்படுகிறது.

மலைக்காட்டில் மழை நேரே மண்ணை அறைவதில்லை. இலைகள் அதன் விசையைத் தணிக்கின்றன. சருகுப் படலம் அதனை ஏற்கிறது. வேர்த்துளைகள் வழியே நிலத்துள் இறங்கிய நீர் மழையற்ற நாளிலும் ஊற்றாகக் கசிந்து ஆற்றை ஊட்டுகிறது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். காடு நீரைப் படைப்பதில்லை. மரங்களும் நீரை உறிஞ்சி ஆவியாக வெளியிடுகின்றன. ஆதலின் காட்டை அழித்தால் ஆற்றில் ஓடும் மொத்த நீர் சில காலம் மிகும். பகாங் மாநிலத்துத் தெக்காம் ஆற்று ஆய்வுப் படுகையில் காடு கொக்கோ, செம்பனைத் தோட்டங்களாக மாறியபோது இதுவே காணப்பட்டது. ஆனால் அந்நீர் வெள்ளமாக விரையும். மண்ணையும் அரித்துக் கொணரும்.

மண் ஆற்றில் சேர்வதன் விளைவைக் கோல குபு உணர்த்தும். 1883இல் அங்கு அணை உடைந்து ஊர் அழிந்தது. பின்னர் ஈயச் சுரங்க வண்டல் ஆற்றுப்படுகையை உயர்த்தவே, வெள்ளம் மீண்டும் மீண்டும் புகுந்தது. நகரையே வேறிடத்திற்கு மாற்றினர். கோல குபு பாருவின் ‘பாரு’ என்னும் மலாய்ச் சொல்லுக்குப் ‘புதிய’ என்பது பொருள். பெயரிலேயே அவ்வரலாறு உள்ளது.

வட சிலாங்கூரின் தாழ்நிலத்தில் ராஜா மூசா, சுங்கை காராங் காப்புக்காடுகள் உள்ளன. முழுதும் மட்காத மரப்பகுதிகள் திரண்ட அச்சதுப்பு மண் மழைநீரைத் தேக்கி, தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்குத் துணைநிற்கிறது. கால்வாய் வெட்டி நீரை வடித்தால் மண் வறண்டு தாழும்; தீப்பற்றின் நிலத்தடியிலும் புகைந்தெரியும். ஆகவே ராஜா மூசாவில் 2008 முதல் கால்வாய்களை அடைத்து மரம் நட்டு வருகின்றனர்.

தாழ்நிலத்துச் செம்பனைக்கு வடிகால் இன்றியமையாதது. நீரை விரைந்து வெளியேற்றுவது அதன் நோக்கம். காடோ நீரைத் தாமதிக்கச் செய்கிறது. இரண்டையும் ஒரு சொல்லால் அழைக்கலாம். ஒன்று போனால் மற்றது அதன் பணியைச் செய்யும் எனக் கருதலாகாது. எனவே, ‘இவ்வூரைச் சுற்றிலும் காடு’ என மாணவர் எழுதுமிடத்து, ‘எக்காடு?’ என ஆசிரியர் வினவுவாராக.