பறவையின் பெயரைத் தவறாகப் பதியாதீர்கள்!

ஓசூரிலிருந்து விடுமுறை நாளில் மேலகிரி மலைப்பக்கம் போகிறீர்கள். பாறைச் சரிவில் மஞ்சள் சாயலுடன் ஒரு கொண்டைக்குருவி. உடனே மொபைலை எடுத்து, இ-பேர்ட் அப்ளிகேஷனில் 'மஞ்சள் தொண்டைச் சின்னான்' எனத் தேர்ந்தெடுத்துப் பதிந்து விடுகிறீர்கள். ஆனால் நீங்கள் பார்த்தது, புதர்க்காடுகளில் சாதாரணமாகக் காணப்படும் வெண்புருவச் சின்னானாக இருந்தால்?

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மஞ்சள் தொண்டைச் சின்னான் தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழும், அழியும் அபாயத்தில் உள்ள பறவை. அது இல்லாத இடத்தில் இருப்பதாகத் தவறான பதிவு காட்டிவிடும். 2023ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படை, 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இ-பேர்டில் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகள்.

தளம் எப்படிச் சரிபார்க்கிறது?

2002ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இத்தளத்தில், எந்தப் பகுதியில், எந்த மாதத்தில், எந்தப் பறவை எத்தனை வரை காணப்படலாம் என்ற வரம்புகள் உள்ளன. அதை மீறினால் கூடுதல் விவரம் கேட்கும். பிறகு தன்னார்வலர் ஒருவர் பரிசீலிப்பார். உறுதியாகாத பதிவு உங்கள் பட்டியலில் இருக்கும். பொது வரைபடத்தில் வராது.

ஆனால் அந்த இடத்தில் வழக்கமாக எதிர்பார்க்கப்படும் பறவையின் பெயரைத் தவறாகக் கொடுத்தால், இந்த வடிகட்டி கண்டுபிடிக்காது. எனவே முதல் பரிசீலகர் நீங்கள்தான்.

கவனிக்க வேண்டியவை

1. இரண்டு சின்னான்களுக்கும் வாலடி மஞ்சளாக இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தலையும் தொண்டையும் பளிச்சென மஞ்சளா, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடா என்று பாருங்கள்.

2. மெர்லின் அப்ளிகேஷன் குரலைக் கேட்டுத் தரும் பெயர் யோசனை மட்டுமே. துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளைப் போலவே குரல் எழுப்பும்!

3. ஒரிஜினல் போட்டோவையே அப்லோட் செய்யுங்கள். வாட்ஸ்அப் வழியாக வழக்கமான முறையில் வந்த படத்தில் எடுத்த நேரம், இடம் பற்றிய தகவல்கள் நீங்கிவிடும்.

4. வரைபடத்தில் இடத்தைச் சரியாகக் குறியுங்கள். ஓசூர் பகுதியில் சற்றுத் தள்ளிக் குறித்தால் பதிவு கர்நாடகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

5. சந்தேகமா? இனத்தைக் குறிப்பிடாமல் பொதுவாக 'சின்னான்' என்று பதியும் வசதி உண்டு. ஏற்கனவே தவறாகப் பதிந்திருந்தால், உங்கள் பட்டியலைத் திறந்து பெயரை மாற்றிக்கொள்ளலாம்.