முதுமைக்கும் ஒரு விதைநெல்

விளைந்த நெல் முழுவதையும் உண்டு தீர்க்கும் குடியானவர் எவரும் இலர். அடுத்த பட்டத்திற்கு வேண்டிய விதைநெல்லைத் தனியே எடுத்து வைத்த பின்னரே எஞ்சியதை விற்பர்; உண்பர். வறட்சி வந்த ஆண்டிலும் விதைநெல்லில் கை வைப்பது தகாது என்பது நம் உழவர் மரபு. ஆயின், அதே உழவர் தம் முதுமைக் காலத்திற்கென எதையேனும் எடுத்து வைத்துள்ளாரா எனக் கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றே விடை வரும்.

அரசு ஊழியருக்கு ஓய்வு பெறும் வயது உண்டு, உழவருக்கு இல்லை. உடலில் வலு உள்ள வரை உழைப்பதும், அதன் பின் நிலத்தையும் மக்களையும் நம்பியிருப்பதுமே வழக்கம். இன்றோ நிலம் பாகப்பிரிவினையால் சுருங்கிவிட்டது. மக்களும் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றுவிடுகின்றனர். அவர்களுக்கு அன்பு இல்லை என்பதன்று. வாடகையும் பள்ளிச் செலவும் போக, ஊருக்கு அனுப்ப அவர்களிடம் மிஞ்சுவது சொற்பமே. ஆகவே, முதுமைக்குரிய வருவாயை உழவர் தாமே தேடிக்கொள்வது அவசியமாகும்.

முதலில் எவ்வளவு தேவை என்று கணக்கிட வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறுவதாகக் கொண்டால், செலவு 12 ஆண்டுகளில் இரு மடங்காகும். 24 ஆண்டுகளில் நான்கு மடங்காகும். இன்று மாதம் 5,000 ரூபாயில் நடைபெறும் குடும்பத்திற்கு அப்போது 20,000 ரூபாய் வேண்டியிருக்கும். நம் மாநிலத்தில் ஆதரவற்ற முதியோருக்கான உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கி, 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டதை நினைத்துப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும்.

சிறு, குறு விவசாயிகளுக்கென 2019இல் மத்திய அரசு தொடங்கியது பிரதம மந்திரி கிசான் மான்தன் திட்டம். 2 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5 ஏக்கர் வரை சாகுபடி நிலம் உடைய, 18 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு உரியது இது. சேரும் வயதிற்கேற்ப மாதம் 55 ரூபாய் முதல் 200 ரூபாய் வரை செலுத்த வேண்டும். அதே அளவு தொகையை அரசும் செலுத்தும். 60 வயது நிறைந்ததும் மாதம் 3,000 ரூபாய் ஓய்வூதியம் கிடைக்கும். அவர் காலமான பின் வாழ்க்கைத் துணைக்கு அதில் பாதி கிடைக்கும். 29 வயதில் சேரும் ஒருவர் மாதம் 100 ரூபாய் வீதம் 31 ஆண்டுகளில் செலுத்துவது 37,200 ரூபாய். ஓய்வூதியமாகப் பெறுவதோ ஓராண்டிற்கே 36,000 ரூபாய். பொதுச் சேவை மையங்களில் இதில் சேரலாம்.

நிலம் இல்லாத விவசாயத் தொழிலாளரும் சேரத்தக்கது, 2015இல் தொடங்கப்பெற்ற அடல் ஓய்வூதியத் திட்டம். இதற்கும் வயது வரம்பு 18 முதல் 40 வரையே. வருமான வரி செலுத்துவோர் இதில் சேர இயலாது. வங்கியிலோ அஞ்சலகத்திலோ கணக்கு இருந்தால் போதும். மாதம் 5,000 ரூபாய் ஓய்வூதியம் பெற, 18 வயதில் சேருபவர் மாதம் 210 ரூபாயும், 30 வயதினர் 577 ரூபாயும், 39 வயதினர் 1,318 ரூபாயும் செலுத்த வேண்டும். பயன் ஒன்றே, தாமதத்தின் விலையோ ஆறு மடங்கிற்கும் மேல்! அறுவடையை ஒட்டியே பணம் காணும் உழவருக்கு ஏற்றவாறு, இவ்விரு திட்டங்களிலும் மாதந்தோறும் அன்றி அரையாண்டுக்கு ஒரு முறையும் தொகை செலுத்தலாம்.

எனினும், இவற்றையே முற்றிலும் நம்பியிருத்தல் கூடாது. மேற்கூறிய கணக்கின்படி, 24 ஆண்டுகளுக்குப் பின் வரும் 3,000 ரூபாய், இன்றைய 750 ரூபாய்க்கு உரிய பொருளையே வாங்கும். ஆகவே வேறு சேமிப்பும் வேண்டும். அஞ்சலகத்தின் பொது வருங்கால வைப்பு நிதியில் ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை செலுத்தலாம். 15 ஆண்டுகளில் அது முதிர்வடையும். 40 வயதைக் கடந்தவர்களுக்கு இது நல்ல வழி. முதிர்ந்த தொகையை 60 வயதிற்குப் பின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இட்டால், மூன்று மாதங்களுக்கு ஒரு முறை வட்டி கைக்கு வரும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. முதுமையின் பெருந்துணை நிலமே. அதை மக்கள் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதும்போது, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுவித்தல் வேண்டும். அந்நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, அப்பத்திரம் செல்லாது என அறிவிக்கக் கோரிக் கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம். நிபந்தனை இன்றி எழுதிவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதில் ஆற்றக்கூடிய தொண்டு பெரிது. தத்தம் வார்டில் 40 வயதை நெருங்குவோர் யாவர் எனப் பட்டியல் எழுதி, அவ்வயது கடக்குமுன் அவர்களுக்கு எடுத்துரைக்கலாம். கிராம சபை கூடும் நாளில் வங்கி, அஞ்சலக ஊழியர்களை அழைத்து, அங்கேயே மக்களைச் சேர்க்க ஏற்பாடு செய்யலாம். பருவம் தவறிய விதைப்பு பலன் தராது என்பதை உழவருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. முதுமைக்குரிய விதைப்பிற்கும் ஒரு பருவம் உண்டு, அது இளமையே.